பகலொளியும் நீரிறைப்பும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள நிலப்பரப்பைப் படுவான்கரை என வழங்குவர். அதன் தென்பாகத்தில், போரதீவுப்பற்றில், வெல்லாவெளி அமைந்துள்ளது. மாரியில் நெல்லும், குளத்து நீர் பாயும் வயல்களிற் கோடையில் மீண்டும் நெல்லும், மேட்டு நிலங்களிற் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை, கச்சான் முதலியனவும் இங்கு செய்கை பண்ணப்படுகின்றன. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரையுள்ள மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. எஞ்சிய மாதங்களிற் குளத்து நீர் எட்டாத நிலங்கள் கிணற்றையே நம்பியுள்ளன. துலாவினால் இறைத்த காலத்திற் கிணற்றை நம்பியவர் தம் தோள்வலியை நம்பினார். இன்று கிணற்றை நம்புபவர் எரிபொருளையோ மின்சாரத்தையோ நம்பவேண்டியவராயுள்ளார்.

அவ்வாறு நம்பியிருப்பதிலுள்ள இடரை 2022 ஆம் ஆண்டு யாவருக்கும் உணர்த்திற்று. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. ஓகஸ்டு மாதத்தில், 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 340 ரூபாவாக உயர்ந்தது. மின்கட்டணமும் அம்மாதத்தில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. பூத்து நிற்கும் மிளகாய்ச் செடி எரிபொருள் வரும்வரை காத்திராது. தண்ணீர் தவறிய ஒரு வாரமே ஒரு போகத்தின் உழைப்பை அழித்துவிடக்கூடும்.

ஆகவே கமக்காரருக்கு முதலில் வேண்டியது, கட்டக்கூடிய விலையில், வேண்டிய நேரத்திற் கிடைக்கும் வலுவாகும். ஆயின் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து அவ்வலுவைப் பெறும்போது எழும் புகை, மழையின் ஒழுங்கையே குலைத்து, அதே கமக்காரரின் வயலைத் தாக்குகின்றது. இவ்விரு தேவைகளும் ஒன்றற்கொன்று முரணானவை போலத் தோன்றும். நீரிறைப்பைப் பொறுத்தமட்டில் அவை பெரிதும் இணங்கக்கூடியவை. அவை எவ்வாறு இணங்கும், எவ்விடத்தில் இணங்கா என்பன கீழே விளக்கப்படுகின்றன.

மின்சாரம் பிறக்கும் வழிகள்

இலங்கையின் மின்சாரம் நீர், எண்ணெய், நிலக்கரி, காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்து பெறப்படுகின்றது. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு.

நீர்வலு இந்நாட்டிற் பழையது. லக்சபானா நீர்மின்னிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. கிழக்கிலே கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகலை அணையிலும், பாசனத்துக்குத் திறந்துவிடப்படும் நீரினால் மின்சாரம் உண்டாக்கப்படுகின்றது. நீர்வலுவுக்கு எரிபொருட் செலவில்லை, புகையுமில்லை. ஆயினும் மழை பொய்த்த ஆண்டில் அது குன்றிவிடும்.

அக்குறையை நிரப்புவன எண்ணெயும் நிலக்கரியும். எண்ணெய் மின்சாரம் விலை மிகக் கூடியது. நுரைச்சோலையிலுள்ள நிலக்கரி மின்னிலையம் 2011 இல் இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாற்று அளவுக்கு நிறைவுற்றது. இரவிலும் பகலிலும் ஒரே சீராக மின்சாரம் வழங்குதல் அதன் சிறப்பு. ஆனால் நிலக்கரி முழுவதும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். அதனை எரித்து ஓர் அலகு மின்சாரம் பெறும்போது ஏறக்குறைய 1 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வளியிற் கலக்கின்றது.

காற்றும் வெயிலும் நாட்டுக்குச் சொந்தமானவை. அவற்றுக்கு அந்நியச் செலாவணி வேண்டியதில்லை. மன்னாரில் 30 காற்றாலைகளைக் கொண்ட மின்னிலையம் 2020 இறுதியில் திறக்கப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்திலேயே வவுணதீவில் 10 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையம் அமைந்துள்ளது. ஆனால் காற்று நினைத்தபோது வீசுவதில்லை. வெயிலோ மாலையில் மறைந்துவிடும். நாட்டில் மின்சாரம் மிகுதியாகச் செலவாவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள நேரத்திலாகும். அப்பொழுது சூரிய மின்தகடுகள் எதனையும் தருவதில்லை.

புகையும் மழையும்

நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றின் புகையிலுள்ள காபனீரொட்சைட்டு, பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கின்றது. வளி ஒரு பாகை வெப்பமடையும்போது அது கொள்ளக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகின்றது. ஆகவே பெய்யும் மழை பெருமழையாகப் பெய்வதற்கும், மழையற்ற காலத்தில் மண் விரைவில் உலர்வதற்கும் ஏது உண்டாகின்றது. ஒரு குறித்த வெள்ளத்தையோ வறட்சியையோ புகைதான் உண்டாக்கியது என எளிதிற் கூறிவிட முடியாது. அத்தகையவை அடிக்கடி நேரும் என்பதே அறிஞர் கூறும் எச்சரிக்கையாகும். அவற்றால் விளையும் சேதத்தை இப்பகுதி கண்டுள்ளது. 2011 சனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்து வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2016–2017 பெரும்போகத்தில், நாற்பது ஆண்டுகளிற் காணாத வறட்சி எனக் கூறப்பட்ட மழையின்மையால் நாட்டின் நெல் விளைவு பெரிதும் வீழ்ந்தது.

உலகம் முழுவதும் எழும் புகையில் இலங்கையின் பங்கு மிகச் சிறிதாகும். அவ்வாறாயின் இந்நாடு ஏன் முயலவேண்டும் என்ற கேள்வி எழுதல் இயல்பே. இங்கு ஒரு சூரிய மின்தகட்டைப் பொருத்துவதால் மட்டும் உலகின் வெப்பம் தணிந்துவிடாது. ஆனால் எரிபொருள் வாங்கும் செலவு அதனாற் குறையும். கப்பல் வராத நாளிலும் கிணற்றில் நீர் இறைக்கலாம். 2030 ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 சதவீதத்தை நீர், காற்று, வெயில் முதலிய புதுப்பிக்கத்தக்க வலுக்களிலிருந்து பெறுவதாகவும், புதிய நிலக்கரி மின்னிலையங்களைக் கட்டுவதில்லையெனவும் இலங்கை 2021 இல் உலக நாடுகளுக்கு அறிவித்தது. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் அமைக்கும் திட்டம் 2016 இற் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டத்தின் வேலை 2025 ஏப்பிரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது.

நெல்லா, மின்சாரமா?

வலுவைப் பற்றிய முடிவுகள் வயலுடன் நேராகத் தொடர்புடையவை என்பதற்கு 2023 ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். அவ்வாண்டு சிறுபோகத்தில் உடவளவைப் பகுதிக் கமக்காரரின் நெற்பயிர் நீரின்றி வாடியது. சமனலவாவி நீர்த்தேக்கத்திலிருந்து நீரைத் திறந்துவிடுமாறு அவர்கள் கோரினர். அந்நீரை அப்பொழுதே திறந்துவிட்டாற் பின்னர் தென்பகுதியில் மின்வெட்டு நேரும் என மின்சார சபை கூறியது. இறுதியில் ஓகஸ்டு மாதத்தில் நீரைத் திறந்துவிட அமைச்சரவை தீர்மானித்தது. ஆனால் அதற்குள் பல வயல்கள் கருகிவிட்டன.

பகலில் வெயிலிலிருந்து பெறும் ஒவ்வோர் அலகும், நீர்த்தேக்கத்தில் ஒரு பங்கு நீரை மிச்சப்படுத்துகின்றது. அவ்வாறு மிஞ்சும் நீர், வறண்ட காலத்தில் நெல்லுக்கோ மாலை நேர விளக்குக்கோ பயன்படலாம். சூரியவலுவும் நீர்வலுவும் ஒன்றுக்கொன்று துணையாவது இவ்வாறே.

நண்பகலில் மிகும் மின்சாரம்

வெயில் மின்சாரத்துக்கு மற்றுமொரு குறை உண்டு. 2016 முதல் அரசாங்கம் அளித்த ஊக்கத்தால் வீட்டுக்கூரைகளிற் சூரிய மின்தகடுகள் பெருகியுள்ளன. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும் விடுமுறை நாளின் நண்பகலிற் செலவு குறைந்து, வரவு மிகுந்துவிடுகின்றது.

மின்வலையிற் செலவும் வரவும் ஒவ்வொரு கணமும் சமமாயிருத்தல் வேண்டும். பாரமான வண்டிச் சக்கரம் ஒரு சிறு குழியில் விழுந்தாலும் தன் விசையாற் கடந்துவிடும். இலேசான சக்கரமோ நின்றுவிடும். நீர் மின்னிலையத்திலும் நிலக்கரி மின்னிலையத்திலும் சுழலும் பாரமான இயந்திரங்கள் அத்தகைய விசையை மின்வலைக்குக் கொடுக்கின்றன. சூரிய மின்தகட்டிற் சுழலும் பாகம் எதுவுமில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்னர், பாணந்துறைத் துணைமின்னிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்டதெனக் கூறப்பட்ட தடங்கலால் நாடு முழுவதும் மின்சாரத்தை இழந்தது. அந்நேரத்திற் செலவு குறைந்தும் வெயில் மின்சாரம் மிகுந்தும் இருந்தமையால் மின்வலை அதிர்ச்சியைத் தாங்கமுடியாதிருந்தது என மின்சார சபை விளக்கியது. நுரைச்சோலை மின்னிலையமும் செயலிழந்தமையால், அடுத்துவந்த நாட்களிற் சுழற்சி முறையில் மின்வெட்டு நடைமுறைப்படுத்தப்பட்டது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டுக் காலத்திற் கூரைத் தகடுகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறும் உரிமையாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

புகையற்ற மின்சாரம் நண்பகலில் வீணாக, மாலையில் அதே மின்வலைக்கு எண்ணெய் எரிக்கப்படுகின்றது. இதனைப் பற்றரிகளிற் சேமித்துத் தீர்க்கலாம். ஆனால் அதற்குச் செலவு மிகுதி. செலவு குறைந்த வழி, நேரத்தை மாற்றக்கூடிய வேலைகளை நண்பகலுக்கு மாற்றுவதாகும். விளக்கை நண்பகலில் எரித்துப் பயனில்லை. நீரையோ நண்பகலில் இறைத்து மாலையிற் பாய்ச்சலாம். கமக்காரரின் தண்ணீர்த் தொட்டியே மலிவான பற்றரி எனலாம்.

இறைப்பின் கணக்கு

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்சுவதாயின் ஏறக்குறைய 1,03,000 லீற்றர் நீர் வேண்டும். அந்நீரை 20 அடி ஆழத்திலிருந்து மேலே கொண்டுவருவதற்கு வேண்டிய வலு 1.7 அலகு ஆகும். மோட்டாரிலும் பம்பியிலும் குழாயிலும் ஏற்படும் இழப்புக்களைச் சேர்த்தால், நூற்றுக்கு நாற்பது பங்கே நீரை உயர்த்தப் பயன்படும் எனக் கொள்ளலாம். ஆகவே மீற்றரில் ஏறத்தாழ 4¼ அலகு ஓடும். நீர்மட்டம் 40 அடிக்குத் தாழ்ந்தால் இச்செலவு இருமடங்காகும்.

இதே வேலைக்கு மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பயன்படுத்தினால், எரிபொருளின் வெப்பத்திற் பெரும்பகுதி புகையோடு போய்விடும். ஏறக்குறைய 2 லீற்றர் மண்ணெண்ணெய் செலவாகும் எனக் கணக்கிடலாம். 2022 ஓகஸ்டுக்கு முன்னர் அதன் விலை 174 ரூபா. அம்மாத விலையேற்றத்தின் பின்னர் 680 ரூபா. ஓரங்குல நீருக்கே இவ்வளவாயின், கோடை முழுவதும் நனைக்கவேண்டிய தோட்டத்தின் நிலையைக் கமக்காரர் தாமே கணித்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோவாற்று அளவான சூரிய மின்தகடு உலர்வலயத்தில் நாளொன்றுக்குச் சராசரி 4 அலகு தரும். அதாவது 20 அடி ஆழக் கிணற்றிலிருந்து ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய ஓரங்குல நீரை ஒரே நாளில் இறைக்கும். கோடையில் மரக்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு ஓரங்குலத்தில் ஐந்திலொரு பங்கு நீர் போதுமாகையால், இத்தகைய சிறு அமைப்பும் ஒரு சிறு தோட்டத்துக்குத் தாராளமாகும். நெல்லின் நிலை வேறு. ஒரு போகத்துக்கு 40 அங்குலத்துக்கு மேல் நீர் கேட்கும் நெல்லுக்கு, ஏக்கரொன்றுக்கு 170 அலகுக்கு மேல் வேண்டும். எனவே கிணற்று நீரை மரக்கறிக்கும், மழைநீரையும் நவகிரி முதலிய குளங்களின் நீரையும் நெல்லுக்கும் ஒதுக்குதல் சிக்கனமாகும்.

இலவச வெயிலின் ஆபத்து

தகட்டைப் பொருத்திய பின்னர் இறைப்புக்குச் செலவில்லை. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். எரிபொருளுக்குக் காசு கொடுத்தவர் வேண்டிய அளவுடன் நிறுத்துவார். செலவின்றிப் பெறுபவர் நிறுத்த மறந்துவிடுவார். தமிழ்நாட்டில் 1990 தொடக்கம் கமக்காரருக்கு இறைப்பு மின்சாரம் இலவசமாக வழங்கப்படுகின்றது. அது எண்ணற்ற குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆயினும் பல இடங்களில் நிலத்தடி நீர் மட்டம் தாழ்ந்து, கிணற்றை மேலும் மேலும் ஆழமாக்கும் நிலை உண்டாயிற்று.

வாவிக்கரையில் இவ்வாபத்து இன்னும் பெரிது. கரையோர மண்ணில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடலை அடுத்த மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் 40 அடி வரை உயரக்கூடும் என்பது நீரியலார் கணக்கு. வாவிநீரின் உப்பு கடலிற் குறைவாதலின் அளவு வேறுபடலாம், விதி ஒன்றே. ஒருமுறை உவர்த்த கிணறு திருந்தப் பல மாரிகள் வேண்டும்.

இதற்கு ஒரு பரிகாரம் குசராத் மாநிலத்துத் தூண்டி என்னும் கிராமத்திற் காணப்பட்டது. இலங்கையைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் துணையுடன், அங்கு ஆறு கமக்காரர் 2016 இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். சூரிய மின்சாரத்தால் வேண்டிய அளவு நீர் இறைத்தபின், எஞ்சிய மின்சாரத்தை மின்வலைக்கு அவர்கள் விற்றனர். மிச்சம்பிடித்த நீர் பணமாக மாறியதால், வீணாக இறைக்கும் எண்ணம் குறைந்தது. வெயிலும் அங்கு ஒரு பயிராயிற்று.

வயலிற் செய்யக்கூடியது

நெல்வயலில் எப்பொழுதும் நீர் நிற்றல் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். நீர் நிற்கும் சேற்றிலிருந்து மெதேன் என்னும் வாயு எழுகின்றது. அதுவும் பூமியை வெப்பமாக்குவதே. நாற்று வேரூன்றிய பின்னர், துளையிட்ட ஒரு குழாயை வயலிற் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 6 அங்குலம் இறங்கியபின் மீண்டும் நீர் பாய்ச்சும் முறை பல நாடுகளிற் கையாளப்படுகின்றது. இம்முறையால் விளைவு குன்றாது நீரில் 30 சதவீதம் வரை மிஞ்சும்; மெதேனும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். பூக்கும் பருவத்தில் மாத்திரம் வயலில் நீர் நிற்க விடுதல் வேண்டும். நீரை உயர்த்திப் பாய்ச்சும் வயல்களில் இது நேராகவே மின்செலவைக் குறைக்கும். குளத்து நீர் பெறும் வயல்களில் வட்டவிதானையுடனும் அயல்வயற்காரருடனும் கலந்து ஒரே ஒழுங்காகச் செய்தல் நன்று.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

(1) மின்சாரப் பம்பி உடையோர் இயன்றவரை காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் நீரை இறைத்துத் தொட்டியிற் சேமித்து, வெயில் தாழ்ந்தபின் பாய்ச்சுக. மாலை 6.30 முதல் 10.30 வரை இறைத்தலைத் தவிர்க்க.

(2) சூரிய மின்தகடு வாங்குமுன் பம்பியையும் குழாயையும் சீராக்குக. ஒடுங்கிய குழாயும் தேய்ந்த பம்பியும் வலுவை விழுங்கும். சொட்டுநீர்ப் பாசனமும் மண்ணுக்கு வைக்கோல் மூடாக்கும் இடுவதால் வேண்டிய நீரே குறையும்.

(3) தகட்டின் அளவைக் கிணற்றின் ஊற்றுக்கு ஏற்பத் தெரிக; கிணற்றைத் தகட்டுக்கு ஏற்பத் தோண்டற்க. கோடையில் வாரத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து குறித்துவைக்க. நீர் உவர்ப்பதாகத் தோன்றினால் இறைப்பைக் குறைக்க.

(4) தனியாக வாங்க முடியாத சிறு தோட்டக்காரர் அயலவருடன் கூட்டாக வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். கடன் பெறுமுன், இதுவரை எரிபொருளுக்குச் செலவான தொகையுடன் தவணைப் பணத்தை ஒப்பிட்டுப் பார்க்க.

(5) முகில் மூடிய மாரிக்காலத்திற் சூரிய மின்தகடு குறைவாகவே தரும். பழைய இயந்திரத்தை உடனே விற்றுவிடாது, ஒரு போகமேனும் துணையாக வைத்திருக்க. தகட்டைப் புயற்காற்றுக்குத் தாங்கும் சட்டத்தில், வெள்ளமட்டத்துக்கு மேலே பொருத்துக. 1978 நவம்பரிற் சூறாவளி கண்ட மண் இதுவாகும்.

(6) யானை வேலிக்கு உரிய கருவியினாற் கணநேரத் துடிப்பாக மாத்திரமே மின்சாரம் செலுத்தப்படும். அதற்குச் சிறிய சூரிய மின்தகடு ஒன்றே போதும். வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பிக்கு நேராகக் கொடுத்தல் சட்டவிரோதமானது. யானையையும் மனிதரையும் கொல்லும்.

நாட்டின் மின்னிலையங்களைப் பற்றிய முடிவுகள் வெல்லாவெளியில் எடுக்கப்படுவதில்லை. ஆனால் எந்த நேரத்தில், எந்தக் கிணற்றிலிருந்து, எவ்வளவு நீர் இறைப்பது என்பது கமக்காரரின் கையிலேயே உள்ளது. அந்த ஒரு முடிவைச் சரியாகச் செய்தால் அவரது செலவு குறையும். மாலை நேரத்தில் மின்வலையின் பாரம் குறையும். வளியிற் கலக்கும் புகையும் குறையும். தகடு, பம்பி, சொட்டுநீர்ப் பாசனம் ஆகியன பற்றிய மேலதிக ஆலோசனையை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திற் பெற்றுக்கொள்ளலாம்.